"ஓம், போகிறேன்" என்ற பட்டன்

அன்புள்ள மருமகன் அருந்தவனுக்கு,

ஸ்பிரிங்வேலிலிருந்து மாமா வரதராஜா எழுதுவது. சிட்னி பரமட்டாவில் நீ சுகமாயிருக்க முருகன் துணை. இங்கே மாமி நல்ல சுகம். என் சுகம் வெள்ளிக்கிழமை பைபாஸ் ஒப்பரேஷன் முடிந்த பிறகுதான் தெரியவரும்.

பாதி எழுதிய ஈமெயில்களை நான் பிரவுசரை மூடித் தொலைத்துவிடுகிறேன் என்று, போன மாதம் நீ வந்தபோது நீயே செய்த ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுத் தந்தாய். வயர் என்று நினைத்து மேசைக்குக் கீழே தேடினேன், அது வேறு கதை. இப்போது எந்தப் பக்கத்தை மூடப்போனாலும் ஒரு பெட்டி எழும்பி, "நிச்சயமாகப் போகிறீர்களா?" என்று கேட்கிறது. கீழே இரண்டு பட்டன்: "ஓம், போகிறேன்", "இல்லை, இருக்கிறேன்". தம்பி, யாழ்ப்பாணத்தில் பிறந்த எவனாவது வாசலைத் தாண்டும்போது "போறன்" என்பானா? பால் வாங்கப் போனாலும், திரும்பி வருவேன் என்று "போட்டு வாறன்" சொல்வதுதானே நம் வழக்கம்? நெஞ்சைத் திறக்கப்போகிற கிழமையில், என் கையாலேயே "ஓம், போகிறேன்" என்று அமத்தச் சொல்கிறாயே, இதை உனக்கு யார் சொல்லித் தந்தது?

நான் "இருக்கிறேன்" பட்டனைத்தான் அமத்துகிறேன். அதனால் ஒரு பக்கமும் மூடுபடுவதில்லை. ராசிபலன், மரக்கறி விலை, ஆஸ்பத்திரி எல்லாம் மேலே நெருக்கியடித்து நிற்கின்றன. முழு யன்னலையும் ஒரேயடியாக மூடப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கமாக எழும்பி, போகிறீர்களா, போகிறீர்களா என்று கேட்க எனக்கு வேர்த்துவிட்டது. சுவரில் சுவிட்சை நிப்பாட்டினேன். திரும்பப் போட்டால், எல்லாம் பழையபடி வந்து நிக்குது.

நேற்று நடந்ததுதான் பெரிய சந்தேகம். பைபாஸ் செய்தவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று தேடி வாசித்துவிட்டு, மூட வெளிக்கிட்டேன். பெட்டி எழும்பியது. உடனே உன் போன். "மாமா, கண்டதையும் வாசிச்சுப் பயப்படாதேங்கோ" என்றாய். நான் என்ன வாசிச்சனான் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? மாமி அதுக்கு முன்னமே தேத்தண்ணியை வைச்சிட்டுத் தன்ர போனோட குசினிக்குள்ள போயிட்டா. அவ பாவம், ஒண்டும் தெரியாது. மிச்சம் நானும் உன்ர எக்ஸ்டென்ஷனும்தான். மூடப்போகேக்க அது உனக்குத் தகவல் அனுப்புது, மறைக்காதை. பயமில்லை எண்டு நான் சொல்லேல்லை. சரியான பயம். ஆனா அதை ஒரு மெஷின் சிட்னிக்குக் கோள் சொல்லக்கூடாது.

உடனே கழற்றிவிடு. கோபத்திலும் உனக்குப் பதவி உயர்வும் நல்ல பெண்ணும் அமைய ஆசீர்வதிக்கும்,
மாமா வரதராஜா

பி.கு.: இதை இன்னும் அனுப்பவில்லை. அதற்குள் வேறொரு பக்கத்தை மூடப் பார்த்தால் பட்டன் மாறியிருக்கிறது: "போட்டு வாறன்". சந்தோஷத்தில் இந்தக் கடிதத்தைத் தவிர எல்லாப் பக்கத்தையும் அமத்தி அமத்தி மூடினேன். அனுப்பாத கடிதம் உனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கும்போதே, குசினியிலிருந்து மாமி போனில் பேசும் குரல்: "ஓம் தம்பி, மூடிப்போட்டார். இப்ப சிரிக்கிறார். நீ வியாழக்கிழமையே வந்திடு." எழுதும்போது வாய்விட்டு வாசிக்கிற பழக்கத்தை நான் இனி விடவேண்டும். எக்ஸ்டென்ஷன் அப்படியே இருக்கட்டும். வியாழக்கிழமை வரும்போது தற்செயலாக வந்தவன் போல வா. நானும் ஒன்றும் தெரியாதவன் போலக் கதவைத் திறக்கிறேன்.