ஆர்ஃபாவை ரயிலேற்றிய கதை

பிட்டர் ஃபோர்க், கான்சாஸ்
செவ்வாய்க்கிழமை காலை

அன்புத் தங்கை டெலியாவுக்கு உன் அண்ணன் லெமுவல் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம், என் இடுப்புதான் சுகமில்லை. நீயும் பசுமாடும் நலமென நம்புகிறேன். முதலில் நீ கேட்க நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் ஆர்ஃபா கிடைத்துவிட்டாள். இன்றைய ரயிலில் கையோடு கூட்டி வருகிறேன், இதில் எந்த மாற்றமும் இல்லை.

உன் புருஷன் ஜோதமைச் சுட்ட ஸ்ட்ரிக்லரை அவள் இந்த ஊர்ப் பாலம்வரை துரத்தி வந்து, ஒரே குண்டில் அவன் தொப்பியைப் பறக்கவிட்டது உண்மைதான். அவன் அலறியடித்து ஊருக்குள் ஓடி ஊர்க்காவல் மார்ஷலிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டான். மாட்டு மந்தை வந்து சேரும் ஊர்களில் அதுதானே சட்டம், பாலம் தாண்டி வருகிறவன் எவனானாலும் துப்பாக்கியைக் கொடுத்துப் அடையாளத்துக்கு ஒரு பித்தளை வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும், ஊரைவிட்டுப் போகும்போதுதான் திரும்பக் கிடைக்கும். நம் பெண்ணும் கொடுத்தாள். மார்ஷல் பர்ஜோ, "கொலை நடந்தது என் எல்லையில இல்லம்மா, பாத்தவளும் நீ ஒருத்திதான். ஜட்ஜ் அறுப்பு முடிஞ்சு வருவார், அவர்கிட்ட சொல்லு" என்று கையை விரித்துவிட்டார். ஊருக்கு வெளியே போனால் இவள் காத்திருப்பாள் என்று அவன் போகவில்லை. அவன் போய்விடுவான் என்று இவளும் நகரவில்லை. ஊரில் இருப்பதோ ஹாஸ்கெட் அம்மாளின் சாப்பாட்டு விடுதி ஒன்றுதான். இருவருக்கும் ஒரே மேசை!

நான் வந்ததிலிருந்து நடுவில் சுவர் மாதிரி உட்கார்ந்து அவரைக்காய் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன். அவன் உப்பு கேட்டால் இவள் தள்ளிவிட்டு, "நல்லா சாப்பிடுங்க மிஸ்டர் ஸ்ட்ரிக்லர், தூக்குக் கயிறு சட்டுனு இறுக உடம்புல கனம் வேணுமில்ல" என்பாள். அவனுக்குப் புரையேறும், ஹாஸ்கெட் அம்மாள் முதுகில் தட்டுவாள், அவன் இருமியதெல்லாம் என் தட்டில் விழும். வீட்டில் நீ அழுகிறாய் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "அழட்டும் மாமா. எனக்கு இங்க வேலையிருக்கு" என்றாள். நேற்று அந்தப் பயலே என்னிடம் வந்து, "ஐயா, புண்ணியமாப் போகும், உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுங்க, பெட்டிய நானே ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டு வர்றேன்" என்கிறான்! என் மச்சானைக் கொன்ற கையால் என் பெட்டியைத் தொடாதே என்று கத்திவிட்டேன்.

ஆனால் பார், என் பேச்சுக்கு எவ்வளவு சக்தி! இன்று காலை, "சரி மாமா, கிளம்பலாம்" என்றாள். வில்லையைக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். இதோ, ஸ்டேஷனில் என் எதிரே சாதுவாக உட்கார்ந்திருக்கிறாள். ரயில் சத்தம் கேட்கிறது. கர்த்தர் உன்னையும் உன் கோழிகளையும் காப்பாராக.

உன் அண்ணன்,
லெமுவல்

பி.கு.: நாங்கள் வரவில்லை. பாலத்துக்கு அப்பால் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ரயில் நின்றதும் குதித்துவிட்டாள். பின்னாலேயே குதித்த எனக்கு மிச்ச இடுப்பும் போயிற்று. இவள் ரயிலோடு போய்விட்டாளென்று நம்பி ஸ்ட்ரிக்லர் துப்பாக்கியும் குதிரையுமாகச் சீட்டியடித்தபடி பாலத்துக்கு வந்தான். எதிரே இவள், குறி பார்த்தபடி. "சுடாதேடி" என்று நான் கத்தியிருக்க வேண்டும். மனசு வரவில்லை. "பாலத்தைத் தாண்டினா நான். திரும்பிப் போனா சட்டம். எது வேணும்?" என்றாள். அவன் குதிரையைத் திருப்பிய வேகத்தைப் பார்க்கணுமே! நேரே மார்ஷலிடம் போய், "நான்தான் ஜோதமைச் சுட்டேன், என்னை உள்ள வெச்சுப் பூட்டுங்க, அவளை மட்டும் கிட்ட விடாதீங்க!" என்று தெருவே கேட்கக் கதறினான். பூட்டு விழுந்த பிறகுதான் பெண் என் தோளில் சாய்ந்து அழுதாள். அப்பனைப் புதைத்த அன்றுகூட அழாதவள். அப்புறம் என் சட்டைக் கையிலேயே மூக்கைத் துடைத்துவிட்டு, "ஜட்ஜ் வந்து தீர்ப்பு சொல்ற வரைக்கும் நகர மாட்டேன் மாமா" என்று சிறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ரயிலோடு போன என் பெட்டியை வாங்கி வை. கம்பளிச் சட்டைகள் அனுப்பு, அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பக்கத்திலேயே நானும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன்.