சட்டவிரோதமான இடைக்கோடு

மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளர் அடையாள அட்டை வழங்கும் அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அட்டை வழங்குவது தவிர மற்ற வேலைகளெல்லாம் அங்கே செவ்வனே நடந்துவந்தன. அட்டை ஏன் வரவில்லை என்று கேட்டால், கம்ப்யூட்டர் இல்லை என்று எழுத்துபூர்வமாகவே பதில் கிடைக்கும். 2005 ஏப்ரலில் அந்தக் குறையும் தீர்ந்தது. கம்ப்யூட்டர் வந்தது. பின்னாலேயே ஓர் ஆணையும் வந்தது: அட்டை அச்சிடும் பணி இனி லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் மட்டுமே நடைபெற வேண்டும்.

அந்த வருஷம் மேலிடத்தில் லினக்ஸ் காய்ச்சல். எந்தக் கூட்டத்திலும் 'ஓப்பன் சோர்ஸ்' என்று இரண்டு தரமாவது சொல்லாமல் எந்த அதிகாரியும் உட்காருவதில்லை. சொன்னவர்களின் அறைக்கதவு மட்டும் வழக்கம்போல் சாத்தியே இருந்தது.

கம்ப்யூட்டரை இயக்க ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டவள் சகாயமேரி. பாண்டியில் டிப்ளமோ படித்தவள். அவள் அம்மா உப்பளத்துக்காரி என்பதால், அட்டை வருமா வராதா என்ற கேள்வி காலையில் வீட்டிலும் பகலில் அலுவலகத்திலும் அவளைத் துரத்தியது.

மேலிடத்திலிருந்து வந்த சிடியில், அட்டை அடிக்கும் மென்பொருள் துண்டு துண்டாக இருந்தது. அவற்றைச் சேர்த்து ஒரே பேக்கேஜாகக் கட்டித்தர ஸ்கிரிப்ட் என்ற கட்டளைத் தொகுப்பு ஒன்றும் இருந்தது. முதல் தடவை ஓட்டியதும், அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று திரையில் ஆங்கிலத்தில் வந்தது. எழுதியவர் தன் சொந்த கம்ப்யூட்டரின் முகவரியையே ஸ்கிரிப்டில் விட்டுவைத்திருந்தார். சகாயமேரி அதைத் திருத்துவதற்குள் கண்காணிப்பாளர் ஆதிமூலம் திரையைப் பார்த்துவிட்டார்.

"ஃபைல் இல்லையா? என் ஆபீஸ்லயா?"

பாவாடை என்ற உதவியாளனை விட்டுப் பீரோக்களை இரண்டு நாள் குடையச் சொன்னார். காணாமல் போனதாகக் கருதப்பட்ட மூன்று கோப்புகளும் ஒரு பாம்புச் சட்டையும் கிடைத்தன. லினக்ஸின் மீது ஆதிமூலத்துக்கு மரியாதை வந்தது இதனால்தான். அது சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார். வந்த வினையும் அதுதான்.

மூன்றாம் நாள் ஸ்கிரிப்ட் இன்னொரு பிழையைச் சொல்லி நின்றது: 'இல்லீகல் கேரக்டர் "-" இன் வெர்ஷன்: 14-2005.'

"இல்லீகலா?" ஆதிமூலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"ஒன்னுமில்ல சார். வெர்ஷன் நம்பர்ல நடுவுல கோடு வரக்கூடாது. மேல இருக்கறவங்க ஆணை நம்பரையே வெர்ஷனா போட்டுட்டாங்க. கோட்ட எடுத்துட்டு புள்ளி வச்சா போதும்."

"அரசாணை சட்டவிரோதம்னு சொல்லுதா இது?"

"ஆணைய சொல்லல சார். கோட்ட சொல்லுது."

"கோடு எதுல இருக்குது?"

"ஆணை நம்பர்ல."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்."

"ஒரே ஒரு பட்டன் சார். தட்டட்டுமா?"

"தட்ட உனக்கு அதிகாரம் இருக்குதா? எனக்கே இல்ல."

ஆதிமூலம் கெட்டவர் அல்ல. ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது, அவ்வளவுதான். கம்ப்யூட்டரைத் துணியால் மூடி, கயிறு கட்டி, அரக்கு முத்திரை வைத்துவிட்டுக் கடிதம் எழுதினார். 'பொருள்: கம்ப்யூட்டர் – இடைக்கோடு ஒன்று – சட்டவிரோதமாகக் காணப்படுவது – அகற்ற அனுமதி கோருதல் – தொடர்பாக.'

'சட்டவிரோதம்', 'அகற்ற' என்ற இரண்டு சொற்களையும் கண்ட தபால் பிரிவு, கடிதத்தை முறைப்படி ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவுக்கு அனுப்பியது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. மேற்படி இடைக்கோட்டின் நீள அகலம் என்ன, எத்தனை ஆண்டுகளாக அவ்விடத்தில் உள்ளது, அகற்றினால் மாற்று இடம் கோருமா ஆகிய விவரங்களை வரைபடத்துடன் அனுப்பவும்.

அளப்பதற்காக முத்திரை முறைப்படி உடைக்கப்பட்டது. பாவாடை திரையில் ஸ்கேல் வைத்து, "மூணு மில்லிமீட்டர் சார்" என்றான். நான்கு எல்லைகளும் குறிக்கப்பட்டன. கிழக்கே இரண்டாயிரத்து ஐந்து, மேற்கே பதினான்கு, வடக்கிலும் தெற்கிலும் காலியிடம். மறுபடி முத்திரை வைக்கப்பட்டது.

இந்த நிலையில்தான் அஞ்சம்மாள் வந்தாள். சகாயமேரியின் அம்மாவோடு ஒரே பாத்தியில் உப்பு வாருபவள். சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"மேரி, வர்ற வியாழக்கெழம பாண்டியில இலவசமா கண்ணு ஆபரேஷன் பண்றாங்களாம். உப்பளத்து அட்டை இருந்தாத்தான் பேரு எழுதுவாங்களாம். ஒரு கண்ணு போயிடுச்சு. இன்னொன்னுல பால் ஊத்தின மாதிரி இருக்குதுடி."

"ஒரு கோடுதாங்க்கா தடுக்குது."

"ரோட்டுல போடுறாங்களே, அந்த மாதிரியா?"

"உன் நகத்துல பாதி கூட இருக்காதுக்கா."

அஞ்சம்மாள் தன் நகத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "அதையா இத்தன பேரு சேர்ந்து தாண்ட முடியல?"

புதன்கிழமை ஆதிமூலம் ஆய்வுக் கூட்டத்துக்காக விழுப்புரம் போனார். அவர் பஸ் கிளம்பியதும் சகாயமேரி கதவைச் சாத்தி, அரக்கை உடைத்தாள். கோட்டை அழித்தாள். புள்ளி வைத்தாள். ஸ்கிரிப்டை ஓட்டினாள். வரிகள் விறுவிறுவென்று ஓடி, எந்தப் புகாரும் சொல்லாமல் பேக்கேஜ் கட்டப்பட்டது. அட்டை வழங்கும் அலுவலகம் தொடங்கி ஆறு வருஷத்தில் முதல் அட்டை அப்போதுதான் வெளியே வந்தது. சாயங்காலத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். அஞ்சம்மாளின் அட்டை மை காயுமுன்பே அவள் கைக்குப் போய்விட்டது. மறுநாள் ஆபரேஷனும் ஆனது. கண்ணும் வந்தது.

சகாயமேரிக்குக் குறிப்பாணை வந்தது. 'அரசுக்குச் சொந்தமான இடைக்கோடு ஒன்றை அனுமதியின்றி அகற்றியதோடு, அவ்விடத்தில் புள்ளி ஒன்றைக் குடியமர்த்தியது ஏன்?'

அவள் மூன்று பக்கம் விளக்கம் எழுதினாள். வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். இரண்டு மாதம் கழித்து மேலிடம் முடிவெடுத்தது. அட்டையில் 14.2005 என்று இருக்கிறது, ஆணையில் 14-2005 என்று இருக்கிறது. ஆகவே எல்லா அட்டையும் செல்லாது. ஆனால் அட்டை அடித்தது சாதனை என்று ஏற்கெனவே பத்திரிகையில் செய்தி கொடுத்தாகிவிட்டது. ஆகவே எல்லா அட்டையும் செல்லும். இரண்டையும் கருத்தில் கொண்டு, ஒவ்வொரு அட்டையிலும் புள்ளியின் மேல் கறுப்பு மையால் மூன்று மில்லிமீட்டர் கோடு கையால் வரையப்பட வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் அரசுக் கோட்டை வரைய விதியில் இடமில்லை. இடைக்கோட்டில் அனுபவமுள்ள ஊழியர் வேறு யாரும் துறையில் இல்லை. எனவே சகாயமேரி உடனடியாகப் பணி நிரந்தரம் செய்யப்படுகிறாள்.

ஆதிமூலம் அவளுக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். "கை வைக்காதேன்னு சொன்னேன். வச்ச. நல்லா வந்துட்ட" என்றார்.

முதல் வாரம் ஊரே சிரித்தது. இரண்டாம் வாரம், கோடு போட்ட அட்டைதான் ஒரிஜினல் என்று பேச்சு கிளம்பியது. கோடில்லாத அட்டைக்கு நலத்திட்டத்தில் தரும் இலவசச் செருப்புகூடக் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்காரர் ரேஷன் கார்டுக்கும் கோடு போட்டுத்தர ஆரம்பித்தார். கல்யாணப் பத்திரிகை அடித்த ஒருவர், எதற்கும் இருக்கட்டும் என்று மணமக்கள் பெயருக்கு நடுவே ஒன்று வரையச் சொன்னார். அஞ்சம்மாளே ஒரு நாள் வந்து, "என்னுது மெல்லிசா இருக்குது மேரி, பக்கத்துப் பாத்தி பாஞ்சாலைக்கு மட்டும் தடிப்பா போட்டிருக்கியே" என்று சண்டை பிடித்தாள்.

2006 தை மாதம் கொளஞ்சி என்ற உப்பளத் தொழிலாளி வரிசையில் வந்து அட்டையை நீட்டினான். மேசையில் 'இடைக்கோட்டுப் பிரிவு' என்ற பலகை. பின்னால் சகாயமேரி, கையில் எஃகு ஸ்கேலோடு.

"நானே போட்டுக்கினேன் மேடம். உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்."

சகாயமேரி அளந்தாள். மறுபடி அளந்தாள். "நாலு மில்லிமீட்டர் இருக்குது."

"ஒரு மில்லிமீட்டர்தானே மேடம். சுரண்டிடவா?"

"சுரண்டறதுக்கு உங்களுக்கு அதிகாரம் இருக்குதாங்க?"

அவள் இதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கொளஞ்சி நியாயம் கேட்டு வரிசையைத் திரும்பிப் பார்த்தான். முப்பது பேர் நின்றிருந்தார்கள்.

"ஏம்பா, ரூல்ஸ்னு ஒன்னு இருக்குதுல்ல?" என்றது ஒரு குரல். "நாங்கல்லாம் நிக்கல? தப்பா போட்டுக்கினு வந்துட்டு லைன மறிக்கிறியே, நகரு."

கொளஞ்சி நகர்ந்தான். கடைசியில் போய் நின்றான். சற்று நேரத்தில் அவனுக்குப் பின்னால் ஒருவன் வந்து சேர்ந்தான். கொளஞ்சி அவன் அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உதட்டைப் பிதுக்கினான்.

"கோணலா இருக்குதேப்பா. இது செல்லாது" என்றான்.