முட்டை உபதேசியாரும் பதினோரு கைகளும்

இருபத்திரண்டு வருஷம் ஊழியம் செய்து ஒரே ஒரு ஆளைக்கூடச் சபையில் சேர்க்காத மகா சாதனை, திருச்சபை வரலாற்றிலேயே எங்கள் முட்டை உபதேசியாருக்கு மட்டும்தான் உண்டு. அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. உத்திரமேரூரில் அது யாருக்கும் தேவைப்படவில்லை.

அந்தப் பட்டத்தை வைத்த பாவி நான்தான். பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாதம் பிறந்தால் மிஷன் ஆபீசுக்கு ரிப்போர்ட் அனுப்ப என்னிடம் வருவார். சந்தித்த வீடுகள், நடத்திய கூட்டங்கள், புதிய விசுவாசிகள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிக் கட்டத்தில் மாதா மாதம் முட்டை.

"ஐயா, ஒரு ரெண்டுன்னு போட்டுடட்டா? எவன் வந்து எண்ணப் போறான்?"

"வாணாம் தம்பி. அனுப்பிச்சவருக்குத் தெரியும்."

ஆனால் சரித்திரம் பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்த மாட்டார். "ஏசுவோட சீஷரு ஒருத்தரு கடலத் தாண்டி மயிலாப்பூர் வரைக்கும் வந்தாரு. பக்கத்துல கீற நம்ம திருப்புலிவனம் வரல. எவ்ளோ தூரம் கீது சொல்லு? மீதி வேலய என் தலையில வெச்சிட்டுப் பூட்டாரு." அந்த மீதி வேலைக்காக மிஷன் ஒரு மொபெட் கொடுத்திருந்தது. பாதி வழி அது அவரைச் சுமக்கும், மீதி வழி அவர் அதைத் தள்ளுவார்.

ஒருமுறை சாலவாக்கம் பக்கம் நடவு வயலின் வரப்பில் நின்று பிரசங்கம் ஆரம்பித்தார். "சும்மா நின்னுக்கினு பேசாத ஐயா, நீயும் எறங்கி நடு. கேட்டுக்கினே நடறோம்" என்றார்கள் பெண்கள். பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். பிரசங்கம் எப்படியோ, நாற்று ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. "ஐயா வந்துட்டுப் போனா எனக்கு ரெட்ட வேல, பேஜார்" என்று வயல்காரர் என் கடையில் வந்து புலம்பினார். மறுபோகம் நடவு எப்போது என்று அவரே ஆள் விட்டுச் சொல்லியும் அனுப்பினார்.

அந்த நடவுப் பெண்களில் ஒருத்தி கன்னியம்மா. அவள் புருஷனைப் பாம்பு கடித்தபோது மொபெட்டில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் அவளை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். நாலு நாள் கூடவே கிடந்தார். ஆள் பிழைத்து வந்த பிறகு கன்னியம்மா கேட்டாள்: "அங்க ஒரு வார்த்த ஏசுவப் பத்திப் பேசலியே ஐயா?"

"மனுசன் சாகக் கெடக்கறப்ப பேசினா அது ஊழியமா? வியாபாரம்."

மிஷன் ஆபீசுக்கு இது புரியவில்லை. நேரில் வந்து கூட்டத்தைப் பார்ப்போம், பலன் இல்லையென்றால் பணித்தளத்தை மூடிவிடுவோம் என்று என் கடை மெயிலுக்குக் கடிதம் வந்தது. அதை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவனே நான்தான். படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இவங்கள வுட்டுட்டு எங்க தம்பி போவேன்?" என்றார். அவருக்கு மனைவி இறந்து பல வருஷம். பிள்ளை குட்டி கிடையாது.

நானும் கன்னியம்மாவும் கூடிப் பேசினோம். கூட்டத்தன்று கன்னியம்மா தெருவில் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள். பிரசங்கத்தின் முடிவில், "ஆண்டவரை ஏற்றுக்கொள்பவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார் ஒருவர். பதினோரு கைகள் எழுந்தன. பதினோராவது என்னுடையது.

உபதேசியார் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "கைய எறக்குங்க. கன்னியம்மா, போன வாரம்தான மாரியாத்தாக்குக் கூழ் ஊத்தின? தவலய நான்தான தூக்கியாந்து வெச்சேன்?"

"அதுவும் ஊத்தறேன், இதுவும் தூக்கறேன். உனுக்கு இன்னா வந்துச்சி?"

"எனக்கோசரம் ஆண்டவரு முன்னால பொய் சொல்லாதம்மா."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மறு வாரம் பணித்தளத்தை மூடிவிட்டார்கள். லோடு ஆட்டோவில் மொபெட் போனது. அவர் போகவில்லை. "ஆபீசுதான கூப்புட்டுச்சி? அனுப்பிச்சவரு இன்னும் கூப்புடல" என்றார். வாடகை அறையில் இருந்துகொண்டு நடந்தே ஊர் ஊராகப் போனார். யார் வீட்டிலோ சாப்பிட்டார். மாதம் பிறந்ததும் என் கடைக்கு வந்து ரிப்போர்ட் சொன்னார்.

"யாருக்கு அனுப்பறது ஐயா?"

"நீ டைப் பண்ணி வெய்யி."

கடைசிக் கட்டத்தில் அவர் சொல்லாமலே முட்டை போட்டு வைத்தேன். சண்டை போட்டாவது அவரை நடக்காமல் தடுத்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்து வந்த காய்ச்சல், ஒரே வாரத்தில் ஆளைக் கொண்டுபோய்விட்டது.

ஆபீசிலிருந்து யாரும் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சேறு கணுக்கால் வரை. ஜெபம் செய்ய வந்த இளம் போதகருக்கு அவரை முன்பின் தெரியாது. குழி ஓரம் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"முதல்ல மண்ணு போடணும். ஐயாவுக்குச் சொந்தக்காரங்க யாருங்க? கையத் தூக்குங்க."

கன்னியம்மா தூக்கினாள். அவள் புருஷன் தூக்கினான். நடவுப் பெண்களும் வயல்காரரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். எண்ணிப் பார்த்தேன், அதே பதினோரு பேர். இந்தத் தடவை அவர் எழுந்து வந்திருந்தாலும் இறக்கச் சொல்லியிருக்க மாட்டார். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை.