அசல் சான்றிதழும் வாசல் பூட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அவரும் மகளும் வாசல் பூட்டும் நலம். பூட்டு நலம் என்பதை இப்போதுதான் எழுந்துபோய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உன் மூட்டுவலி தேவலையா?

நீ விடாமல் சொன்னாயே என்று உளவியல் நிபுணரைத் தேடிப் போனேன் பார், அது என் தப்பு. நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். பஸ் என்றால் பாதி வழியில் இறங்கிப் பூட்டைப் பார்க்க ஓடிவந்துவிடுவேன். உரிமமும் இருக்க வேண்டும். பதினெட்டு வருடமாகக் கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்க்கிறவளை யாரும் ஏமாற்ற முடியாது. முதலாமவருடைய சான்றிதழில் முத்திரைக்கு மேல் கையெழுத்து. கையெழுத்துப் போட்ட பிறகுதானே முத்திரை குத்துவார்கள்? "வெறும் தாள்ல முத்திரை குத்தி வாங்கினீங்களா?" என்றேன். அவருக்குத்தான் மனசு சரியில்லாமல் போய்த் தண்ணீர் குடித்தார். இரண்டாமவரின் உரிமம் போன வருடமே காலாவதி. "அதெல்லாம் யாரும்மா பாக்குறாங்க?" என்றார். நான் பார்க்கிறேனே!

மூன்றாமவர் அடுத்த தெருவில், தையல் கடை மாடியில். ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். பதிவு எண்ணைப் பதிவேட்டில் தேடினேன், இருந்தது. அசலைக் காட்டுங்கள் என்றேன். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றி என் மடியில் வைத்தார். நானும் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

"எல்லாம் சரியா இருக்குங்களா?"

"சரியாத்தான் இருக்கு."

"நாலு தடவை பாத்துட்டீங்க. நாலு தடவையும் சரியா இருந்துதா?"

"இருந்துது."

"அப்ப அஞ்சாவது தடவை எதுக்கு?"

அக்கா, எனக்கு அழுகைதான் வந்தது. சான்றிதழ் நனையாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதேன். மகளின் ஓட்டப் பந்தயத்தைச் சொன்னேன்: பஸ் நிறுத்தத்திலிருந்து மூன்று முறை பூட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டு மைதானத்துக்குப் போனால், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கோபப்படவே இல்லை. "பூட்டு ஜெயிச்சுடுச்சாம்மா?" என்று மட்டும் கேட்டாள். வருகிற சனிக்கிழமை அடுத்த பந்தயம்.

ஐம்பது நிமிடத்தில் சான்றிதழ் பார்க்க நாற்பது, அழ ஒன்பது. மீதி ஒரு நிமிடத்தில் அந்த அம்மா சொன்னது: "பூட்டுங்க. ஒரு தடவை இழுத்துப் பாருங்க. 'பூட்டிட்டேன்'னு வாய்விட்டுச் சொல்லிட்டு நடங்க. பயம் கூடவே வரும், வரட்டும்." இதற்கா அத்தனை படிப்பு, பதிவு எண்? பக்கத்து வீட்டுக்காரி சும்மாவே சொல்லியிருப்பாள். அதனால் இனிப் போவதாக இல்லை. எனக்கு ஒன்றுமில்லை, நீ கவலைப்படாதே. அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உன் மூட்டுக்கு என் பிரார்த்தனை.

உன் தங்கை

பி.கு.: அஞ்சல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, உறையின் மேல் தாளை வைத்து இதை எழுதுகிறேன். கிளம்பும்போது பூட்டை ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்து, "பூட்டிட்டேன்" என்று சத்தமாகச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் "சரிங்க" என்றார். பயமும் கூடவே வந்து இங்கேதான் நிற்கிறது. ஆனால் கால் திரும்பவில்லை அக்கா! மேலே 'இனிப் போவதாக இல்லை' என்பதை அடித்துவிட்டுப் படி. அந்த அம்மாவிடம் போனிலேயே வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியாச்சு. சனிக்கிழமை, நாற்காலி போடுகிறவர்களுக்கு முன்னாலேயே மைதானத்தில் இருப்பேன்.