கீழே இறங்க மலை ஏறியவர்

மலை ஏறுகிறவர்கள் எல்லோரும் உச்சியைப் பார்க்கத்தான் ஏறுகிறார்கள். கீழே இறங்குவதற்காக மட்டுமே மலை ஏறிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் பிரேக்கட்டை அண்ணாச்சிதான். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு டீகூடக் குடிக்க மாட்டார். பள்ளத்தாக்கு, மேகம், ஏலக்காய் வாசம் எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பிரேக்கின் இரண்டு ரப்பர் கட்டைகளையும் விரலால் தடவிப் பார்ப்பார். "சரி, போவமா?" என்பார். கட்டைகளிடம்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எங்கள் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. நான் அப்போது விருதுநகரில் ஒரு சைக்கிள் உதிரிபாகக் கம்பெனியின் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி வடக்கே. சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போய் பிரேக் கட்டை ஆர்டர் பிடிப்பது அண்ணாச்சியின் வேலை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கம்பெனி கொடுத்த மோட்டார் சைக்கிளை வீட்டில் போர்வை போட்டு மூடி வைத்துவிட்டு, கியர் இல்லாத கறுப்பு சைக்கிளில், பேண்டின் கணுக்காலில் ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டு போவார். "பிரேக் விக்கிறவன் மோட்டார்ல போனா எவன் நம்புவான் மேடம்?" என்பார்.

அவருடைய துரதிருஷ்டம், எங்கள் பக்கத்து நிலம் தோசைக்கல் மாதிரி தட்டை. விருதுநகரில் ஒரு நாற்காலி போட்டு ஏறி நின்றால், ஆமத்தூரில் யார் வீட்டு மாடியில் என்ன சேலை காய்கிறது என்று சொல்லிவிடலாம். இந்த ஊரில் பிரேக் விற்பது கடலில் உப்பு விற்பதற்குச் சமம்.

மல்லாங்கிணறு கடைக்காரர் ஒருவர் இதை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். "அண்ணாச்சி, எங்க ஊருல மேடு எங்கன இருக்கு? காலை ஊனுனா வண்டி நின்னுரும். அது கெடக்கட்டும், ஒங்க கட்டை எம்புட்டு நாளைக்குத் தாங்கும்? அதைச் சொல்லுங்க."

அண்ணாச்சி அங்கேயே சைக்கிளைத் திருப்பினார். கிடங்குக்கு வந்து கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார். "நல்ல தரம் சார்" என்றார்கள். "தரம் சரி, எம்புட்டு நாளு?" என்றார். "ரொம்ப நல்ல தரம் சார்" என்றார்கள். போனை வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரில் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சிவகாசியிலிருந்து கேரளாவுக்குக் காலண்டர் லோடு ஏற்றிப் போகிற லாரியில் சைக்கிளையும் தூக்கிப் போட்டுக்கொண்டு அவர் போடிமெட்டு அடிவாரத்தில் போய் இறங்கினார். உச்சி வரைக்கும் லாரியிலேயே போயிருக்கலாம். டிரைவரும் அதைத்தான் சொன்னார். "ஏறி ஏறிக் கை கால் ஓஞ்ச மனுசன்தான் எறங்குவான். அவன் கைக்கு பிரேக் பிடிக்குதான்னு பாக்கணும்ல?" என்று சொல்லிவிட்டு மிதிக்க ஆரம்பித்தாராம். பாதி தூரம் மிதித்து, மீதி தூரம் தள்ளி, உச்சியைத் தொட்டுவிட்டு உடனே இறங்கினார். திங்கட்கிழமை காலை தேய்ந்த கட்டைகளை என் மேஜையில் வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "மேடம், பாத்தீகளா? சமமாத் தேஞ்சிருக்கு!"

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. குமுளி, செங்கோட்டைக் கணவாய், கொல்லிமலை என்று மாதத்துக்கு ஒரு மலை. ஒவ்வொரு மலையிலும் தேய்ந்த கட்டைகளைக் காலியான கம்பி மத்தாப்புப் பெட்டியில் போட்டு, மேலே மலையின் பெயரை எழுதி ஒட்டுவார். கடைக்காரர்களிடம் அந்தப் பெட்டிகளைத் திறந்து நகைக்கடைக்காரர் மாதிரிப் பரப்புவார். பழைய கட்டையைக் காட்டிப் புதுக் கட்டை விற்ற ஒரே விற்பனையாளர் அவர்தான். ஆச்சரியம், விற்றது.

அவர் மனைவி, எனக்கு மதினி, ஒருநாள் கிடங்குக்கே வந்து என்னிடம் முறையிட்டார். "மத்த வீட்டு ஆம்பளைக மாலை போட்டு மலைக்குப் போறாக. இவுக கட்டை போட்டுல்ல போறாக! நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

நான் சொல்லிப் பார்த்தேன். மதினியையும் ஒரு தடவை கூட்டிப் போகட்டுமா என்று என்னிடமே யோசனை கேட்டார். பின் கேரியரில் ஆள் உட்கார்ந்தால் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்ததாம்.

கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை கடைக்காரர்களை எங்கேயாவது அழைத்துப்போய் விருந்து வைக்கும். அந்த முறை குமுளி. இருபது கடைக்காரர்களும் நானும் வேனில் போனோம். மலைப்பாதை தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் பார்த்தால், முன்னால் ஒரு கறுப்பு சைக்கிள் முக்கி முக்கிப் போகிறது. இருபது தலைகளும் ஜன்னலுக்கு வெளியே நீண்டன. "கட்டை அண்ணாச்சி! ஏறுங்க, எடம் கெடக்கு!"

"நீங்க முன்னால போங்க" என்று கையைக் காட்டினார்.

இரண்டு வளைவு தாண்டியதும் வேனின் ரேடியேட்டர் கொதித்து, இட்லிப் பானை மாதிரி ஆவி விட்டது. நாங்கள் எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். கால் மணி நேரம் கழித்து அண்ணாச்சி எங்களைக் கடந்து போனார். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பெல்லை மட்டும் ஒரு தடவை அடித்தார்.

திரும்பி இறங்கும்போது எங்கள் வேன் டிரைவர் பிரேக்கை மிதித்த காலை எடுக்கவே இல்லை. கருகல் வாசனை வந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட ஒரு வளைவில் வேன் நின்றபோது, டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். அண்ணாச்சிதான். "தம்பி, கியரைக் கொறைங்க. கட்டை வேகுது!" அந்த வாரம் இருபது கடையிலிருந்தும் ஆர்டர் வந்தது.

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்த கதை ஒரு தீபாவளி நேரத்தில் மாறியது.

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளில் போனஸ் போடுகிற சமயம். ஆலை வேலைக்குப் போகிறவர்கள் புது சைக்கிள் வாங்குவதும் பழையதைச் சரிபார்ப்பதும் அப்போதுதான். எங்களுக்கு அதுதான் சீசன். கம்பெனி ஒரு புது லாட் கட்டை அனுப்பியிருந்தது. பளபளவென்று அட்டைப்பெட்டி. சிவகாசியில் அச்சாகி, வடக்கே போய், வயிற்றில் கட்டையோடு திரும்பி வந்த பெட்டி.

அண்ணாச்சி ஒரு கட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். "பெட்டி நல்லாருக்கு. கட்டை எனக்குப் பிடிக்கல மேடம். கல்லு மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க, ஒரு தடவை எறக்கிப் பாத்துர்றேன்."

"சீசன் பொறுக்காது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, நான் நாற்பது கடைக்கும் சரக்கை அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. எப்போதும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். அன்று "தங்கச்சி" என்றார்.

"எங்கன இருக்கீக?"

"போடிமெட்டு எறக்கத்துல. ஜல்லிக் குவியல் மேல உக்காந்திருக்கேன்."

"ஜல்லி மேல எதுக்கு உக்காந்தீக?"

"நானா உக்காரல."

"அய்யய்யோ, என்ன பண்ணுனீக?"

"நான் ஒண்ணும் பண்ணல தங்கச்சி. கட்டைதான் ஒண்ணும் பண்ணல."

நல்ல தூறல். நாலாவது வளைவில் பிரேக்கை முழுக்கப் பிடித்தும் சக்கரம் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ரோடு போடுவதற்காக யாரோ கொட்டி வைத்திருந்த ஜல்லியில் வண்டியை விட்டிருக்கிறார். இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதோடு வீட்டுக்கு வந்திருந்தால் அவர் அண்ணாச்சி இல்லை. ஒற்றைக் கையால் பழைய கட்டையை மாட்டி, சைக்கிளை மறுபடி மேலே தள்ளிக்கொண்டு போய், அதே தூறலில் அதே வளைவில் இறங்கிப் பார்த்திருக்கிறார். பழைய கட்டை பிடித்ததாம்.

திங்கட்கிழமை நான் கம்பெனியின் விற்பனை மேலாளருக்குப் போன் போட்டேன். அவர் பதற்றமே படவில்லை. "உங்க ஏரியா முழுக்க பிளாட்தானே மேடம்? அங்கேயே தள்ளிவிடுங்க. மலைப் பக்கத்துக்கு வேற லாட் அனுப்பிக்கிறோம். அங்கே யாருக்குத் தெரியப் போகுது?"

உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு நிம்மதியாக இருந்தது. கட்டுப்போட்ட கையோடு எதிரே உட்கார்ந்திருந்த அண்ணாச்சியிடம் அதையே சொன்னேன். "அவர் சொல்றதும் சரிதானே? நம்ம பக்கம் மலை எங்கன இருக்கு?"

அவர் மேஜையில் கிடந்த பளபளப்புப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆலங்குளத்துல இருந்து சிமெண்ட் லாரி வருதுல்ல மேடம்? மழை பெய்யுற நேரத்துல, முக்குல திரும்பும்போது, ஒரு பிள்ளை சைக்கிள்ல வந்து அது முன்னால நிக்கணும். நிக்கிறதுக்கு எதுக்கு மலை?"

நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

நான்கு நாள் அலைந்தோம். நான் ஸ்கூட்டரில், அவர் ஒற்றைக் கையால் சைக்கிளில். எவ்வளவு கெஞ்சியும் ஸ்கூட்டரில் ஏறவில்லை. எனக்கு பிரேக் பிடிக்கத் தெரியவில்லையாம். கடை கடையாகப் போய்ச் சரக்கைத் திரும்பக் கேட்டோம். "சீசன்ல சாமானைப் பிடுங்க வந்த கம்பெனியை இப்பத்தான்யா பாக்கேன்" என்று திட்டிக்கொண்டே கொடுத்தார்கள். ஆமத்தூர்க் கடைக்காரர் மட்டும் கையை விரித்தார். "நெறைய மாட்டிவிட்டேனே அண்ணாச்சி."

"யாருக்கு?"

"பேரா கேட்டு வச்சேன்? எல்லாம் ஆலைக்குப் போற பொம்பளைக."

அதனால் சாயங்காலம் வேலை விடுகிற நேரத்துக்கு நாங்கள் அந்தப் பட்டாசு ஆலையின் வாசலில் போய் நின்றோம். தீக்குச்சி இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவிப் பார்த்து ஆளை உள்ளே விடுகிற இடம் அது. அண்ணாச்சியின் பெரிய பையைப் பார்த்ததும் வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"பையில என்னய்யா?"

"கட்டை."

"என்ன கட்டை?"

"பிடிச்சா நிக்கும்."

வாட்ச்மேன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் பையைத் திறந்தார். உள்ளே வரிசையாக மத்தாப்புப் பெட்டிகள். போடிமெட்டு, குமுளி, கொல்லிமலை. ஒன்றைத் திறந்து கறுப்புக் கட்டையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "கொல்லிமலையா? இது எந்தக் கம்பெனி வெடி? சரக்கு புதுசா இருக்கே!"

விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் சங்கு ஊதிவிட்டது. பெண்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு சைக்கிளாக மறித்து, மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, புது லாட் கட்டை இருந்தால் கழற்றி, பைக்கு அடியில் வைத்திருந்த பழைய லாட்டின் நல்ல கட்டையை மாட்டினார். இடது கைக்குப் பதில் நான் ஸ்பேனர் பிடித்தேன். "என்ன அண்ணாச்சி, வண்டியைப் பறிக்கப் போறீகளா?" என்று முதலில் கேலி செய்தவர்கள், காரணத்தைக் கேட்டதும் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள்.

முத்துலட்சுமி என்று ஒரு பெண். விரலெல்லாம் வெடிமருந்தின் வெள்ளிப் பூச்சு. தன் முறை வந்தபோது சொன்னாள்: "நேத்து மழையில பிடிச்சேன் அண்ணாச்சி, நிக்கவே இல்ல. எங்கையிலதான் பலமில்லைன்னு நெனச்சுக்கிட்டேன்."

அண்ணாச்சி தலையை நிமிர்த்தவில்லை. ஏற்கெனவே இறுகியிருந்த நட்டை மறுபடி மறுபடி இறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, "ஒங்கையில ஒரு கொறையும் இல்ல தாயி. இப்பப் பிடிச்சுப் பாரு" என்றார்.

அவள் பத்தடி ஓட்டிப்போய்ப் பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் நின்ற வேகத்தில், ஹேண்டிலில் தொங்கிய தூக்குவாளி கழன்று பறந்துபோய் வாட்ச்மேன் காலடியில் விழுந்தது. வாசலே சிரித்தது. முத்துலட்சுமிதான் அதிகமாகச் சிரித்தாள்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் சரக்கைத் திரும்ப எடுத்ததற்காக அண்ணாச்சிக்கு வேலை போய்விட்டது. எனக்கு ஒன்றுமே வரவில்லை. ஏன் என்று விசாரித்தால், அவர் எனக்கு முன்பே கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறார்: எல்லாம் நானாகச் செய்தது, மேடத்துக்கு எதுவும் தெரியாது. ஆலை வாசலில் நான் கையில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருக்கிற படம் ஆமத்தூர்க் கடைக்காரரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு நாள் முழுக்க ஓடியிருந்தது. கம்பெனிக்காரர்கள் அதைப் பார்க்காதது என் ஜாதக பலன். மனசு கேட்காமல் நடந்தது நடந்தபடி நானும் ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அந்த லாட் மட்டும் பிறகு எங்கேயும் வரவில்லை.

மூன்று மாதம் அண்ணாச்சி வீட்டிலிருந்தார். மதினிக்கு அதில் சந்தோஷம்தான் என்று நினைத்தேன். மதினியோ, "வீட்டுல உக்காந்து கதவுக் கீலையெல்லாம் கழத்தி மாட்டுதாக. எங்கயாச்சும் மலையில கொண்டுபோய் விடுங்க தாயி" என்று என்னிடம் அழுதார்.

கடைசியில் கோயம்புத்தூரில் கியர் சைக்கிள் செய்கிற ஒரு கம்பெனியில் அவரை எடுத்துக்கொண்டார்கள். ஜல்லிக் குவியல் கதையைக் கடைக்காரர்கள் சொல்லிச் சொல்லி அங்கே வரைக்கும் எட்டியிருந்தது. ஒவ்வொரு புது மாடலையும் மலையில் இறக்கிப் பார்ப்பதுதான் இப்போது அவருடைய வேலை. வடக்கே பனி கிடக்கிற கணவாய்களுக்கெல்லாம் ரயிலேறிப் போகிறார். குல்லாய், ஸ்வெட்டர், அதற்கு மேலே மதினி கொடுத்தனுப்பிய கம்பளி என்று சுற்றிக்கொண்டு அனுப்புகிற படங்களில் ஆளைவிட மூட்டைதான் அதிகம் தெரிகிறது.

ஒவ்வொரு உச்சியிலிருந்தும் எனக்கு ஒரு போன் வரும். "எறங்கப் போறேன் தங்கச்சி" என்பார், அவ்வளவுதான். கீழே வந்து சேர்ந்ததும் இன்னொரு போன். பெரும்பாலும் அது மத்தியான நேரம். இரண்டாவது போன் வருகிற வரைக்கும் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதில்லை. இதை அவரிடம் சொன்னதும் இல்லை. சொன்னால், எனக்குப் பசிக்குமே என்று வேகமாக இறங்கிவிடுவார்.