பந்தைப் பின்னால் எறியக் கற்றுக்கொடுத்த விவரம்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து.

அன்புக்குரிய மருமகன் ரெனால்டுக்கு, உன் தாய்மாமன் ஆபேல் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அத்தை கேத்தரினும் சுகம். என் இடுப்பு மட்டும் சுகமில்லை, அதனால் ஃபிரிட்ஜ் மேல் பேப்பரை வைத்து நின்றபடியே எழுதுகிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் காட்பாடியில் உனக்கு மட்டும் சிக்னல் போய்விடுகிறது.

நீ காலேஜில் படித்து பி.டி. மாஸ்டர் ஆனவன், நான் எட்டாவதோடு நிறுத்தியவன், இருந்தாலும் செல்ஃபோனில் வீடியோ பார்த்தே இன்றைக்கு ரக்பி கோச் ஆகிவிட்டேன், உனக்கு வருத்தமாக இருந்தால் மன்னிக்கவும். எங்கள் ஷூ கம்பெனிக்கு ஆர்டர் தருகிற வெள்ளைக்காரர்களுக்கு அந்த ஆட்டத்தில் பைத்தியம். லேடீஸ் டீம் சேர்த்து கம்பெனிகளுக்குள் போட்டி வைத்தால் ஃபோட்டோ எடுத்து அவர்கள் ஆபீசில் மாட்டுவார்களாம். மேனேஜர் மக்பூல் அகமது பாய் எல்லோரையும் நிற்கவைத்து, இது யாருக்குத் தெரியும் என்று கேட்டார். எல்லோரும் குனிந்து அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. மெட்ராஸ் ஹார்பரில் கப்பல்காரர்களோடு மூன்று வருஷம் ஆடியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கப்பலை நான் பார்த்திருக்கிறேன், அது உண்மை.

எனக்குக் கீழே தையல் லைனில் இருக்கிற பெண்கள்தான் டீம். அவர்கள் சும்மா வரவில்லை. முன்பெல்லாம் கம்பெனி பஸ் அவர்கள் ஊருக்குள்ளேயே போகும். டீசல் செலவு ஜாஸ்தி என்று இப்போது ஹைவேயிலேயே இறக்கிவிடுகிறார்கள், அங்கிருந்து இருட்டில் ஒயின்ஷாப்பைத் தாண்டி, நாய்களைத் தாண்டி நடக்கவேண்டும். லைனில் மூத்தவள் ஜெயபுஷ்பம் நேராக மேனேஜரிடம் போனாள். "ஜெயிச்சா பஸ்ஸு ஊருக்குள்ள வரணும் பாய். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கங்க" என்றாள். அவரும் தலையாட்டிவிட்டார்.

அன்று முதல் சாப்பாட்டு நேரமெல்லாம் வீடியோதான். அதில் சொல்லித்தருகிற துரை பேசுவது ஒரு எழுத்தும் புரியவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு நானே விளக்கம் கொடுத்தேன், அவர் சொன்னதைவிட நன்றாகவே இருந்திருக்கும். முட்டை மாதிரி ஒரு பந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கக் கோடு வரைக்கும் ஓடவேண்டும், எதிராளி இடுப்பைக் கட்டிச் சாய்ப்பாள். சாய்ப்பதைக் காட்டுவதற்கு ஆரோக்கியமேரியைக் கூப்பிட்டேன். லைனில் சேரும் முன் தோல் கட்டு தூக்கிக்கொண்டிருந்தவள் அவள். எப்படி விழுவது என்று காட்ட நானே விழுந்தேன். எப்படி எழுந்திருப்பது என்பதை மட்டும் அன்றைக்குக் காட்ட முடியவில்லை. பந்து இந்தப் பக்கத்துக் கடைகளில் கிடைக்காததால் டவலைச் சுருட்டிப் பழகினோம். ஷூ தோலில் நிஜப் பந்தை சகீனா தைத்து முடித்தபோது மேட்ச் நாள் வந்துவிட்டது. சகீனா தையலில் ஒரு நூல் பிசகாது.

போன ஞாயிறு மத்தியானம் வாணியம்பாடி கம்பெனியோடு மேட்ச். இந்த ஆட்டத்தில் பந்தை முன்னால் எறியக் கூடாது, பின்னால் வருகிறவளுக்குத்தான் எறியவேண்டும், அதை நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆனால் நம் லைனில் வேலை முன்னால்தான் போகும். ஒருத்தி தைத்து அடுத்தவளுக்குத் தள்ளுவாள். ஒரு பீஸ் பின்னால் வந்தால் அதில் குறை, பிரித்துத் தைக்கவேண்டும் என்று அர்த்தம். டவலில் பழகியபோது இது தெரியவில்லை. ஜெயபுஷ்பம் ஓடிக்கொண்டே பந்தைப் பின்னால் எறிந்தாள். சகீனா பிடித்தாள், நின்றாள், திருப்பித் திருப்பித் தையலைப் பார்த்தாள். "இன்னாக்கா குறை? நல்லாத்தானே தச்சிருக்கேன், ஏன் ரிட்டர்ன் பண்றே?" என்று கேட்டாள். அதற்குள் வாணியம்பாடிக்காரிகள் நாலு பேர் அவள் மேல். அடுத்த தடவை பந்து ஆரோக்கியமேரி கைக்குப் போனது; அவளும் நின்று தையலைப் பார்த்தாள். பாதி ஆட்டம் குவாலிட்டி செக்கிங்கிலேயே போய்விட்டது, சகீனா ஓரமாகப் போய் அழுதுகொண்டிருந்தாள், எல்லோருக்கும் பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போகிற மாதிரி இருந்தது.

இடைவேளையில் நான் இடுப்பைப் பிடித்தபடி பிரமாதமாகப் பேசினேன். நடுவிலேயே ஜெயபுஷ்பம் எழுந்தாள்.

"ஏய், பின்னால வந்தா ரிட்டர்ன்னு யாருடி சொன்னது? கன்டெய்னர் கேட்ல நிக்குது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான், பெட்டிய வாங்கினியா, ஓடு. ஷிப்மென்ட் அன்னிக்கு எவளாவது தையலப் பாப்பாளா?"

நான் சொல்லவந்ததும் இதேதான். அவள் சுருக்கிவிட்டாள்.

அப்புறம் நீ பார்த்திருக்கணும் மாப்பிள்ளை. சரக்கு ஏற்றுகிற ஷிப்மென்ட் நாளில் எங்கள் பெண்களுக்குக் குறுக்கே மேனேஜரே வரமாட்டார். பந்து கைமாறிக் கைமாறிப் பறந்தது. கடைசியில் சகீனா தன் மேல் தொங்கிய இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டே எதிர்ப்பக்கக் கோட்டைத் தாண்டிப் பந்தோடு விழுந்தாள். ஜெயித்தோம். ஐயாயிரம் பேர் கைதட்டினார்கள். உன் அத்தை ஐம்பது என்கிறாள், அவள் ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்த்தாள். மறுநாள் சாயங்காலம் பஸ் ஊருக்குள் போய் நின்றது. இறங்கும்போது எல்லோரும் என் பெயரைத்தான் சொன்னார்களாம்.

உன் அம்மாவுக்கு அண்ணனின் அன்பைச் சொல். கர்த்தர் உன் வீட்டையும், உன் வேலையையும், உன் முழங்கால்களையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உன் மாமன்,
கோச் ஆபேல்

பி.கு.: பஸ் அடுத்த ஞாயிறு வரைக்கும்தான். ஃபைனலில் தோற்றால் பழையபடி ஹைவேதான் என்று மக்பூல் பாய் சொல்லிவிட்டார். ராணிப்பேட்டை டீமுக்கு நிஜமான கோச் இருக்கிறாராம். நேற்று ஜெயபுஷ்பம் வீட்டுக்கே வந்து, "சார், உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எங்களுக்கு மொத நாளே தெரியும். உங்க மருமகன் பி.டி. மாஸ்டராமே, கேத்தரின் அம்மா சொன்னாங்க. அவர வரச் சொல்லி எழுதுங்க" என்றாள். எழுதி முடிக்கிற வரைக்கும் வாசலிலேயே நிற்கிறேன் என்று இன்றைக்கும் வந்து நிற்கிறாள். கடிதம் கிடைத்த அன்றே சாயங்கால வண்டியில் வந்துவிடு. யார் கேட்டாலும் என்னிடம் ஆட்டம் கற்றுக்கொள்ள வந்திருப்பதாகச் சொல்.