மூன்றாவது ஜன்னல்

இந்தக் கோடையில் ஒரு நாளாவது மனைவிக்குத் தெரியாமல் மீன் பிடித்துவிடுவது என்று மே மாதக் கடைசியில் தீர்மானம் செய்தேன். அப்போது என் கையில் மகளின் ஈர ஜட்டி இருந்தது. எனக்குப் பெரிய தீர்மானங்கள் எல்லாம் அப்படிப்பட்ட நேரத்தில்தான் வரும்.

காரணம் இல்லாமல் இல்லை. போன கோடையில் மகள் வில்யா பிறந்தாள். அதற்கு முந்தின கோடையில் கூரை ஒழுகியது. அதற்கும் முந்தின கோடையில் எனக்குக் கல்யாணம். மூன்று வருஷமாக என் தூண்டில் குளியலறை மூலையில் நிற்கிறது. அதில் என் மனைவி கைசு குழந்தையின் காலுறைகளைக் காயப்போடுகிறாள். நல்ல நீளமான கழி, ஒரே நேரத்தில் பதினாறு காலுறை காயும்.

நண்பர்கள் இரண்டு பேர். ரைமோவிடம் படகு உண்டு. இல்க்காவிடம் அதற்கு மாட்டும் எஞ்சின் உண்டு. என்னிடம் ஒன்றும் இல்லாததால் புழு தோண்டி வருவது என் பொறுப்பு. நடுக்கோடையில் வரும் யுஹானுஸ் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை ஹைலுவோட்டோ தீவுப் பக்கம் போனால், ஆழமில்லாத தண்ணீரில் விலாங்கு நீளத்துக்கு ஹாவுக்கி மீன் கிடக்கும் என்று ரைமோ சொன்னான். பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்குமாம். பார்க்க அவன் அத்தை மாதிரியே இருக்குமாம்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை ஔலு நகரத்தில் எந்தப் பெண்ணிடமாவது போய் மீன் என்று சொல்லிப் பாருங்கள். ஜமுக்காளம் என்பாள். பண்டிகைக்கு முன்னால் வீட்டிலுள்ள ஜமுக்காளம் அத்தனையையும் ஆற்றங்கரைத் துறைக்குக் கொண்டுபோய், நீள மேசையில் விரித்து, பைன் சோப்புப் போட்டுத் தேய்த்து, உருளையில் கொடுத்துப் பிழிந்து, கம்பத்தில் போட்டாக வேண்டும். எங்கள் வீட்டில் அறை நான்கு. ஜமுக்காளம் பதினொன்று. இது என்ன கணக்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பன்னிரண்டாவது வந்துவிடும்.

ஆகவே ரகசியம் தேவைப்பட்டது. ஃபோனில் பேச முடியாது. ஃபோன் இருப்பது சமையலறையில், கைசுவின் காதிலிருந்து இரண்டு அடி. மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர்தான்.

அது ரைமோ வேலை பார்க்கும் கல்லூரியில் கழித்துப்போட்டது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் கிடம் ஒன்றும் வராது. அதில் ஒரு அரட்டைப் புரோகிராம் இருந்தது. நாம் ஒரு வரி அடித்தால், எங்கேயோ இருப்பவர் இன்னொரு வரி அடிப்பார். கைசுவுக்கு அது உயிர். ஃபோனில் பேசக் கூச்சப்படுவாள். எழுத்தில் கூச்சம் கிடையாது. குழந்தை தூங்கும் நேரத்தில் வாசா நகரத்திலிருக்கும் அக்கா அனெலியோடு பக்கம் பக்கமாக அடிப்பாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் எந்த சர்வர், எந்த எண், என்ன பெயர், எந்த அறை என்று எல்லாவற்றையும் கையால் அடிக்க வேண்டும். ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிய தாளைப் பார்த்து அடிப்பாள். ஒரு எழுத்துத் தப்பினால் சண்டி மாடு மாதிரி நின்றுவிடும்.

இதைச் சரிசெய்து தருகிறேன் என்றேன். பழகிவிட்டது, நீ ஏன் சிரமப்படுகிறாய் என்றாள்.

"உனக்காகத்தான்."

கைசு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்காமலே இந்த வார்த்தையை நான் சொன்னது கிடையாது. அது முதல் தப்பு.

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தேன். புரோகிராமைத் திறந்ததும், யாரும் ஒன்றும் சொல்லாமலே, அது தானாக என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைக்கலாம். எழுதினேன். முதலில் கைசுவின் பெயரில் அனெலி இருக்கும் சர்வருக்குப் போ, அறைக்குள் நுழை. அது ஒன்றாவது ஜன்னல். பிறகு சத்தமில்லாமல் இன்னொரு சர்வருக்கு என் பெயரில் போ. அங்கே நாங்கள் மூன்று ஆண்கள் வைத்திருக்கும் அறைக்குள் நுழை. அது மூன்றாவது ஜன்னல். இரண்டாவதைக் காலியாக விட்டேன், நடுவில் ஒரு மதில் இருக்கட்டும் என்று. கைசுவுக்கு ஒன்றாவது ஜன்னலைத் தவிர வேறு ஜன்னல் இருப்பதே தெரியாது.

எங்கள் அறைக்குப் பாஸ்வேர்டு உண்டு. தினமும் அதை அடிக்கச் சோம்பலாக இருந்தது. அதையும் கோப்பிலேயே எழுதிவைத்தேன். கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டவன் என்று இப்போது நீங்கள் சிரிப்பீர்கள். அப்போது அது வசதியாகப் பட்டது. பேசியதை எல்லாம் குறித்துவைக்கும் பழக்கமும் அந்தப் புரோகிராமுக்கு உண்டு. குறிக்காதே என்று எழுதினேன். மூடினால் துடைத்த பலகை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு ஒரு துண்டு பாலாடைக்கட்டி அதிகமாகச் சாப்பிட்டேன்.

கம்ப்யூட்டரில் உனக்கு ஒரு கணக்கு, அவளுக்கு ஒரு கணக்கு என்று பிரித்துவிடேன் என்று ரைமோ அப்போதே சொன்னான். வாசல் கதவில் ஒரு பெயர்தான் இருக்கிறது, விவாகரத்துக்கு நிற்பவர்கள்தான் கணக்கைப் பிரிப்பார்கள் என்று பதில் சொன்னேன். நன்றாகச் சொன்னதாக நினைப்பு.

எனக்குக் காகித ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை. அங்கே திரை கிடையாது. ரைமோவும் இல்க்காவும் நாள் முழுக்கத் திரைக்கு முன்னால்தான். அவர்கள் பகலெல்லாம் அறையில் அளப்பார்கள். நான் நாலு மணிக்கு மேல், கைசு குழந்தையை மணல் குழிக்குக் கூட்டிப்போகும் அரை மணி நேரம் போய்ச் சேர்வேன். போய் நான் பெரிதாக ஒன்றும் எழுதுவதில்லை. ரைமோ பத்து வரி எழுதுவான். நான் "ம்" என்பேன். இல்க்கா கேள்வி கேட்பான். "ம்" என்பேன். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். ஒரே விஷயத்துக்கு இரண்டு "ம்" போட்டால் குடித்திருக்கிறானோ என்று பார்ப்பார்கள்.

எல்லாம் முடிவாயிற்று. சனிக்கிழமை ஒன்பது மணி, படகுத் துறை. வியாழக்கிழமை நான் போனபோது ரைமோ எழுதினான்: "ஓஸ்மோ, நீ தங்கம்டா. சனிக்கிழமை நீ செய்யப்போறதைச் சாகிற வரைக்கும் மறக்க மாட்டோம்."

புழுவைச் சொல்கிறான் என்று நினைத்தேன். ஆலைக்குப் பின்னால் தோண்டி இரண்டு புட்டி நிறைய வைத்திருந்தேன். "ம்" என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த கைசுவிடம் பக்குவமாக ஆரம்பித்தேன். ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள், பெரிய உருளை நின்றுவிட்டது, நாளை பூராவும் வேலை என்றேன். கோபப்படுவாள் என்று நான்கு பதில் தயார் செய்திருந்தேன். நான்கும் வீணாயின. வேலை என்றால் போகத்தானே வேண்டும் என்றாள். போகிற வழியில் தன்னையும் குழந்தையையும் ஜமுக்காளங்களையும் துவைக்கிற துறையில் இறக்கிவிட்டால் போதும் என்றாள். எனக்கு அவள் மேல் பாசம் பொங்கியது. பதினோரு ஜமுக்காளத்தையும் நானே சுருட்டி அன்றைக்கே காரில் ஏற்றினேன். அடியில் தூண்டில், புழுப் புட்டி.

காலையில் துவைக்கிற துறைக்குப் போனால் ரைமோவின் கார் நிற்கிறது. பின்னால் படகு. பக்கத்தில் இல்க்காவின் கார். ரைமோவின் மனைவி மர்யுத்தும் இல்க்காவின் மனைவியும் ஜமுக்காளங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒன்பது, இங்கே பதினாலு. ரைமோ ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"கடைசி நிமிஷத்துல மனசு மாறிடுவியோன்னு இல்க்கா பயந்துட்டே இருந்தான்டா."

"எதுல?"

"எதுலயா?" என்றாள் மர்யுத். "மூணு வீட்டு ஜமுக்காளத்தையும் நீங்களே தேய்ச்சுத் தர்றேன்னு சொன்னீங்களே, ஓஸ்மோ. புதன்கிழமை காலையில பத்தேகாலுக்கு. நான் நம்பலை. இவர் ஆபீஸ்லேர்ந்து தாள்ல எடுத்துட்டு வந்து காட்டினாரு."

ஏப்ரன் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். ரைமோவின் புரோகிராம் எல்லாவற்றையும் குறித்துவைக்கும் புரோகிராம். படித்தேன்.

ஜமுக்காளம் துவைக்காமல் மர்யுத் என்னை விடமாட்டாள் போலிருக்கிறது, இல்க்கா வீட்டிலும் அதே கதை என்று ரைமோ எழுதியிருந்தான். அதற்குக் கீழே என் பெயரில் "ம்". பகலில் வந்திருக்கிறாயே, லீவா என்று கேட்டிருந்தான். "ம்". நீ இங்கேயே இருந்து மூன்று வீட்டுக்கும் தேய்த்துக் கொடுத்தால் நாங்கள் இரண்டு பேராவது தப்பிப்போம் என்று விளையாட்டாகக் கேட்டிருந்தான். "ம்". நிஜமாகவா என்றும் கேட்டிருந்தான். "ம்".

நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டேன். புதன்கிழமை பத்தேகாலுக்கு நான் ஆலையில் உருளைக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்கு ஒரு வயசு. அவள்மேல் சந்தேகப்பட எனக்கு ஆசைதான்.

கைசு குழந்தையின் தொப்பியைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் எழுதவில்லை என்று சொல்லலாம். சொன்னால் அறையைச் சொல்ல வேண்டும். அறையைச் சொன்னால் இன்றைய வேலை பொய் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், மூடினேன். கரையில் போட்ட மீனும் அதைத்தான் செய்யும்.

"அப்ப ஆலைக்குப் போக வேணாமா?" என்று கேட்டாள்.

"இப்பத்தான்... சரியாயிடுச்சாம்."

"யார் சொன்னது?"

"ஆலைதான்."

"நல்ல ஆலை."

பிறகு எங்கள் ஜமுக்காளங்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். அடியில் தூண்டில் தெரிந்தது. அதை எடுத்துப் புழுப் புட்டிகளோடு இல்க்காவிடம் நீட்டினாள். "எடுத்துட்டுப் போங்க. இதை வச்சுத் தேய்க்க முடியாது."

படகு போயிற்று. தேய்த்தேன். முப்பத்துநாலு ஜமுக்காளம். பெண்கள் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து காபியும் இலவங்கப்பட்டை பன்னும் சாப்பிட்டார்கள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் தன் மனைவியை வேறு பக்கமாகத் திருப்பி அழைத்துப்போனார். பன்னிரண்டாவதுக்கும் பதின்மூன்றாவதுக்கும் நடுவில், வாளி கொடுக்க வந்த கைசுவிடம் தாழ்ந்த குரலில் எப்படி என்று கேட்டேன்.

"திரையில கீழே ஓரத்துல மூணுன்னு ஒரு நம்பர் மினுக்கிட்டே இருந்துச்சு. அக்காகிட்ட கேட்டேன். வேற ஜன்னல்ல யாரோ பேசறாங்க, போய்ப் பாருன்னா. எப்படிப் போறதுன்னும் சொல்லிக் குடுத்தா. போனா ரைமோ உன்னைத்தான் கூப்பிட்டுட்டிருக்கான். பதில் சொல்லாம இருந்தா மரியாதையா?"

"முடியாதுன்னு எழுதியிருக்கலாமே."

"நீ என்னைக்கு அப்படி எழுதியிருக்கே? கண்டுபிடிச்சிருப்பாங்க."

பதின்மூன்றாவதை மேசையில் விரித்தேன். தேய்த்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ரைமோ வாசலில் வந்து நின்றான். மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. செய்தித்தாளில் சுற்றிய ஹாவுக்கி ஒன்றை என் கையில் வைத்தான். உன் தூண்டிலில்தான் மாட்டியது, உனக்குத்தான் என்றான். என் கை நீளத்துக்கு இருந்தது. நிமிர்ந்துவிட்டேன். என்ன ஆனாலும் ஒரு ஆண்மகனாக வீட்டுக்கு மீன் கொண்டுபோகிறேன். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன்.

புது உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. வாணலியில் வெண்ணெய் உருகியிருந்தது. மேசையில் ஆறு தட்டு, பக்கத்தில் குழந்தை நாற்காலி.

"செதிலை எடுத்துக் குடு, சீக்கிரம்," என்றாள் கைசு திரும்பிப் பார்க்காமல். "ஆறரைக்கு எல்லாரும் சாப்பிட வர்றாங்க. நீதானே செவ்வாய்க்கிழமையே கூப்பிட்டே."